இரண்டு வருடமாக வேலையில்லை: பழைய துறையா, புதுப் படிப்பா, கிடைத்த வேலையா?

சென்ற மாதம் இங்கே சிங்கப்பூரில் மூன்று பேர் எனக்கு எழுதியிருந்தார்கள். ஒருவர் ஈசூனில் இருக்கிறார். 47 வயது. வங்கியில் பேக் ஆபிஸ் வேலை, ஆட்குறைப்பில் போய் 19 மாதம் ஆகிறது. இன்னொருவர் பொங்கோலில் இருக்கும் தாய். இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர், ஆறு வருடம் ஓடிவிட்டது. மூன்றாமவருக்கு 56 வயது. கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர், முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்றரை வருடமாக வீட்டில். மூவரும் கேட்டது ஒன்றேதான்: திரும்பப் போக முடிவு செய்தாகிவிட்டது, எந்த வழியாகப் போவது?

25 வாரத்துக்கு மேல் வேலை தேடிக்கொண்டிருந்தால் மனிதவள அமைச்சு அதை நீண்டகால வேலையின்மை என்று கணக்கிடுகிறது. ஏறக்குறைய ஆறு மாதம். நான் அந்தக் கணக்கில் 20 மாதம் இருந்தேன். கப்பல் சரக்கு ஆவணப் பிரிவில் 14 வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மேசையைக் காலிசெய்தவள். அதனால் கீழே இருப்பது நடுநிலையான ஒப்பீடு இல்லை. எந்த வழி எனக்கு உதவியது, எது என் நேரத்தைத் தின்றது என்பது நிச்சயம் உள்ளே வந்துவிடும்.

## முதலில் எதை வைத்து அளப்பது

சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் தப்பான முடிவுதான் வரும். நான் நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்வேன்.

வீடு எத்தனை மாதம் தாங்கும்? வீட்டுக் கடன், பராமரிப்புக் கட்டணம், பிள்ளைகளின் செலவு எல்லாம் போட்டுக் கையிருப்பை வகுத்துப் பாருங்கள். மூன்று மாதம் என்று வந்தால் பாதி வழிகள் அங்கேயே அடைபட்டுவிடும். கணக்குப் போடப் பயந்துகொண்டு தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். நானும் நாலு மாதம் அந்தத் தாளைத் தொடவில்லை.

வேலைக்குப் போவதற்கே எவ்வளவு செலவு? இதை யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டுப் பணிப்பெண் வைத்தால் அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வீட்டில் 16 வயதுக்குக் கீழ் பிள்ளையோ 67 வயதைத் தாண்டிய முதியவரோ இருந்தால் சலுகை விலையில் 60 வெள்ளி. அதன் மேல் அவருடைய சம்பளம், சாப்பாடு. மாணவர் பராமரிப்பு நிலையம், பகல் சாப்பாடு, பேருந்து, ரயில். அலுப்பில் வாரம் மூன்று நாள் வாங்கிவரும் இரவுச் சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் பெரிய தொகை.

ஒரு வருடம் கழித்துக் கையில் என்ன இருக்கும்? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. புதிதாக ஒரு சம்பளச் சீட்டு, 'இவர் நன்றாக வேலை செய்வார்' என்று போனில் சொல்ல ஒரு மேலாளர், மத்திய சேம நிதியில் (ஓய்வுக்காலம், வீடு, மருத்துவத்துக்கான கட்டாயச் சேமிப்பு) ஏறிய பணம். இவை இருந்தால் அடுத்த வேலை தேடுவது பாதி சுலபம். முதல் வேலை பிடிக்காமல் போனால்கூடப் பரவாயில்லை.

உடம்பும் மனசும் ஒத்துழைக்குமா? இரண்டு வருடம் காலை ஒன்பது மணிக்கு எழுந்தவருக்கு ஆறரை மணி ரயில் ஒரு தண்டனை. முதல் மாதம் எல்லோருக்கும் அப்படித்தான்.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று இருக்கிறது. டிபென்டன்ட் பாஸில் (இங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டவரின் குடும்பத்துக்குத் தரும் அனுமதி) இருக்கும் சகோதரிகள் பலர் இப்படிப்பட்ட பட்டியலைப் படித்துவிட்டு நேராக விண்ணப்பிக்கிறார்கள். 1 மே 2021 முதல் அந்தப் பாஸை வைத்துக்கொண்டு வேலையில் சேர, முதலாளி தனியாக எம்ப்ளாய்மெண்ட் பாஸோ எஸ் பாஸோ ஒர்க் பெர்மிட்டோ ஏதாவது ஒரு வேலை அனுமதி எடுக்க வேண்டும். கீழே வரும் அரசு உதவிகளில் பெரும்பாலானவை குடிமக்களுக்கு, சில நிரந்தரவாசிகளுக்கும். உங்கள் பாஸ் எது என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

| வழி | பணம் எப்போது வரும் | வெளியே தெரியாத செலவு | ஒரு வருடத்தில் மிஞ்சுவது |
|---|---|---|---|
| பழைய துறை, ஒரு படி கீழே | தேட நாளாகலாம், வந்தால் முழுச் சம்பளம் | தன்மானம், பழைய சம்பளத்தோடு ஒப்பீடு | துறை அனுபவம் தொடரும், சான்று சொல்ல ஆள் |
| முதலில் படிப்பு | படிக்கும்வரை வராது, அல்லது உதவித்தொகை மட்டும் | இடைவெளி இன்னும் நீளும் | சான்றிதழ் |
| வேலையோடு பயிற்சி | சேர்ந்த மாதமே | புதுத் துறையில் அடிமட்டச் சம்பளம் | புதுத் துறை, சம்பளச் சீட்டு |
| கிடைத்த வேலை, பகுதிநேரம் | மிக விரைவில் | அங்கேயே தங்கிவிடும் ஆபத்து | பழக்கம், சேம நிதி |
| டெலிவரி, கார், டியூஷன் | சில நாட்களிலிருந்து சில வாரம் | வாடகை, தேய்மானம், விடுப்பில்லை | வாடிக்கையாளர் இருந்தால் தொழில், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை |

## பழைய துறைக்கே, ஒரு படி இறங்கி

யோசிக்காமல் முதலில் பார்க்க வேண்டிய வழி இதுதான். ஆனால் ஒரு சோதனை வைத்துவிட்டுப் பாருங்கள்: நீங்கள் போன பிறகு அந்த நாற்காலிக்கு வேறு ஆள் வந்தாரா? வந்திருந்தால் துறை உயிரோடு இருக்கிறது. அந்த வேலையே கோலாலம்பூருக்கோ சென்னைக்கோ மணிலாவுக்கோ போய்விட்டிருந்தால், அதே பெயரில் வேலை தேடி இன்னும் ஒரு வருடத்தைச் செலவழிக்காதீர்கள்.

துறை உயிரோடு இருந்தால் நிரந்தர வேலையை விட ஒப்பந்த வேலைதான் விரைவில் திறக்கும் கதவு. பேறுகால விடுப்பில் போனவருக்குப் பதிலாள், ஆறு மாதத் திட்டம், ஆண்டு இறுதிக் கணக்கு முடிக்கும் பருவம். அவசரத்தில் ஆள் எடுப்பவர் உங்கள் இடைவெளியைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, திங்கட்கிழமை வர முடியுமா என்றுதான் பார்க்கிறார். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. பழைய சம்பளத்தில் முப்பது விழுக்காடு குறைவு. மேலாளருக்கு என்னை விடப் பத்து வயது கம்மி. முதல் வாரம் அழுகை வந்தது, மூன்றாவது வாரம் அவரே என்னிடம் வந்து சந்தேகம் கேட்டார்.

ஒப்பந்தத்தில் ஒரு கண் வேண்டும். ஊழியராக எடுக்கிறார்களா, 'ஃப்ரீலான்ஸ்' என்று எழுதிக்கொள்கிறார்களா? ஊழியர் என்றால் 55 வயது வரை முதலாளி 17 விழுக்காடு, நீங்கள் 20 விழுக்காடு சேம நிதிக்குப் போக வேண்டும். ஆறு மாத ஒப்பந்தமானாலும் அப்படித்தான். வேலை நேரமும் இடமும் அவர்கள் சொல்லுகிறபடி, ஆனால் தாளில் மட்டும் ஃப்ரீலான்ஸ் என்றால், அந்தப் 17 விழுக்காட்டை உங்கள் பையிலிருந்து எடுக்கிறார்கள் என்று பொருள். எனக்கு முதலில் வந்த வாய்ப்பு அப்படிப்பட்டதுதான். வேண்டாம் என்றேன். வீட்டில் கோபித்துக்கொண்டார்கள்.

## முதலில் படிப்பு

நம்மவர்களுக்கு மிகவும் பிடித்த வழி. படிக்கிறேன் என்று சொன்னால் மாமா, சித்தப்பா யாரும் மேலே கேட்க மாட்டார்கள். வேலை தேடுகிறேன் என்றால் தீபாவளிக்குத் தீபாவளி கேள்வி வரும். அதனாலேயே சொல்கிறேன், இந்த வழியை மட்டும் சந்தேகத்தோடு பாருங்கள்.

பணம் பெரிய தடை இல்லை. 40 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற பயிற்சி உதவிக் கணக்கில் அரசு 4,000 வெள்ளி போட்டது. அதற்குக் காலாவதி கிடையாது, ஆனால் தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்கு மட்டுமே செல்லும். வார இறுதியில் கேக் செய்யக் கற்றுக்கொள்ள அதை எடுக்க முடியாது. பல பயிற்சிகளில் 40 தாண்டியவருக்குக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை மானியமும் உண்டு. 2020ல் 25 வயதிலிருந்து எல்லாக் குடிமக்களுக்கும் போட்ட கூடுதல் 500 வெள்ளி 2025 இறுதியோடு போய்விட்டது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

முழுநேரமாகப் படித்தால் மாத உதவித்தொகையும் இருக்கிறது. முன்பு வாங்கிய சராசரி வருமானத்தில் பாதி, 300 வெள்ளியிலிருந்து 3,000 வெள்ளி வரை. 40 தாண்டிய குடிமக்களுக்கு, பட்டியலில் உள்ள நீண்ட முழுநேரப் படிப்புகளுக்கு மட்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒரு முழுப் படிப்பில் சேர்கிறவருக்கு இது உண்மையிலேயே பெரிய துணை. மூன்று நாள் சான்றிதழுக்கு ஒன்றும் வராது.

இனி பணமில்லாத செலவு. நான் தரவுப் பகுப்பாய்வில் இரண்டு சான்றிதழ் வாங்கினேன். ஏழு மாதம் ஆனது. அப்புறம் நேர்காணலில் கேட்டது ஒரே கேள்வி: "இதைக் கடைசியாக வேலையில் எப்போது பயன்படுத்தினீர்கள்?" பதில் இல்லை. ஏழு மாதம் படித்ததில் என் இடைவெளி 11லிருந்து 18 மாதமாக வளர்ந்தது, அவ்வளவுதான். வகுப்பில் என்னோடு இருந்த பலர் அதே நேரம் மூன்றாவது சான்றிதழுக்குப் பதிந்துகொண்டிருந்தார்கள்.

சில வேலைகளுக்குப் படிப்பு இல்லாமல் வாசலையே மிதிக்க முடியாது என்பதும் உண்மை. பாலர் பள்ளி ஆசிரியர், தாதி, கட்டுமானத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் போன்றவை. அங்கே சான்றிதழ்தான் நுழைவுச் சீட்டு, அதற்காகப் படியுங்கள். நான் வைத்துக்கொண்ட விதி எளியது: வேலை விளம்பரங்களில் பத்தை எடுத்துப் பார், அந்தச் சான்றிதழ் 'கட்டாயம்' என்று ஐந்திலாவது இருக்கிறதா? இல்லாவிட்டால் முதலில் வேலை, பிறகு மாலை வகுப்பு.

## வேலையில் சேர்ந்துகொண்டே பயிற்சி

அரசின் சிங்கப்பூர் ஊழியரணி அமைப்பு நடத்தும் வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்டம் இந்த வகை. நிறுவனம் முதலில் உங்களை வேலைக்கு எடுத்துவிடும், பிறகு பயிற்சி. பயிற்சிக் காலத்தில் உங்கள் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு நிறுவனத்துக்குத் தருகிறது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது: 40 வயதைத் தாண்டியவருக்கும் ஆறு மாதத்துக்கு மேல் வேலையில்லாதவருக்கும் அந்தப் பங்கு மற்றவர்களை விட அதிகம், 90 விழுக்காடு வரை போகலாம்.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். எந்த இடைவெளியை மறைக்க நாம் ரெஸ்யூமேயில் ஆண்டுகளை மாற்றி எழுத நினைக்கிறோமோ, அதுவே முதலாளிக்கு நம்மை மலிவாக்குகிறது. நேர்காணலில் வெட்கப்படாமல் சொல்லலாம்: "நான் நீண்டகாலமாக வேலையில் இல்லாதவர் பட்டியலில் வருவேன், உங்களுக்குக் கூடுதல் ஆதரவு கிடைக்கும்." சின்ன நிறுவனங்களில் மனிதவளப் பிரிவே இருக்காது, பலருக்கு இது தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

இதற்கும் சின்ன அளவில் ஒன்று 'கரியர் டிரயல்'. அதிகபட்சம் மூன்று மாதம் ஒரு வேலையைச் செய்து பார்க்கலாம். அந்தக் காலத்தில் மணிக்கணக்கில் உதவித்தொகை அரசிடமிருந்து வரும், முதலாளியிடமிருந்து அல்ல. பிடிக்கவில்லை என்றால் இருவரும் கைகுலுக்கிப் பிரியலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகோ நீண்ட நாள் குடும்பப் பராமரிப்புக்குப் பிறகோ வருகிறவர்களுக்கு இதை முதலில் சொல்வேன். உடம்பு எவ்வளவு தாங்கும் என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

குறை என்ன? புதுத் துறையில் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், சம்பளமும் அப்படித்தான். மானியம் முடிந்ததும் நிறுவனம் உங்களை வைத்துக்கொள்ளுமா என்பது இன்னொரு கவலை. அதற்கு உத்தரவாதம் யாரும் தர மாட்டார்கள். "போன வருடம் இதே திட்டத்தில் எடுத்தவர்கள் இப்போது இருக்கிறார்களா?" என்று நேர்காணலில் நேராகவே கேளுங்கள். கேட்டதால் யாருக்கும் வேலை போகாது.

வேலை இப்போதுதான், ஆட்குறைப்பில் போனது என்றால் இன்னொன்று: ஏப்ரல் 2025 முதல் இருக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம். ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை. கடந்த 12 மாதத்தில் குறைந்தது ஆறு மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. ஆகவே இரண்டு வருடம் வீட்டில் இருந்தவருக்கு அது இல்லை. உங்கள் தம்பிக்கு நேற்று வேலை போயிருந்தால் இன்றே சொல்லுங்கள்.

## கிடைத்த வேலை, அல்லது பகுதிநேரம்

'போயும் போயும் சூப்பர்மார்க்கெட்டிலா' என்று சொல்கிறவர்கள் நம் மின்கட்டணத்தைக் கட்டப்போவதில்லை. சில்லறை விற்பனை, உணவகம், துப்புரவு, பாதுகாவல் போன்ற துறைகளில் இப்போது படிப்படியாக உயரும் சம்பள முறை கட்டாயம். முழுநேரப் பாதுகாவல் அதிகாரியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2024ல் 2,650 வெள்ளி, 2028ல் 3,530 வெள்ளி ஆகும். உரிமத்துக்குப் பயிற்சி சில நாட்கள்தான். ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் இன்னும் சகஜம், போகவர ஒரு மணி நேரம் சேர்த்தால் வீட்டில் தூங்க மட்டும்தான் வருவீர்கள்.

சம்பளம் குறைவு என்றால், குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசு தரும் வேலைநலன் துணை வருமானத்தையும் கணக்கில் சேருங்கள். 30 வயதைத் தாண்டி, மாத வருமானம் 3,000 வெள்ளிக்குள் இருக்கும் குடிமக்களுக்கு 2025 முதல் ஆண்டுக்கு 4,900 வெள்ளி வரை, வயதைப் பொறுத்து. வீட்டின் ஆண்டு மதிப்பும் (வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு வரக்கூடியதாக மதிப்பிடும் தொகை) கணவன் அல்லது மனைவியின் வருமானமும் பார்க்கப்படும். ஊழியராக இருந்தால் 40 விழுக்காடு ரொக்கம், மீதி சேம நிதி.

தாய்மார்களுக்கு மட்டும் ஒரு கணக்கு: மாதம் 56 மணி நேரம். வாரத்துக்கு 14 மணி நேரம்தான். அவ்வளவு வேலை செய்தாலே வேலை பார்க்கும் தாய் என்ற கணக்கில் வருவீர்கள். குழந்தை பராமரிப்பு நிலையத்தில் முழுநாள் அடிப்படை மானியம் 150 வெள்ளியிலிருந்து 300 ஆகும். ஆக, வாரம் மூன்று காலைப்பொழுது வேலை செய்தால் சம்பளத்துக்கு மேல் இந்த வித்தியாசமும் சேரும். பதினான்கு மணி நேரம் என்றால் சம்பளம் என்ன வந்துவிடப்போகிறது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆபத்து ஒன்றுதான், ஆனால் பெரியது. தற்காலிகம் என்று சேர்ந்த இடத்தில் ஐந்து வருடம் ஓடிவிடும். சேரும் நாளே காலெண்டரில் ஒரு தேதியைக் குறித்துவையுங்கள். ஒன்பதாவது மாதம் மறுபடி தேட ஆரம்பிக்க வேண்டும். வேலையில் இருந்துகொண்டு தேடுகிறவரை வேறு கண்ணால்தான் பார்க்கிறார்கள். அநியாயம்தான், ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

## சொந்தக் காலில்: டெலிவரி, கார், டியூஷன்

டெலிவரி வேகமாகப் பணம் தரும், அதை மறுக்க முடியாது. செயலி வழியாக டெலிவரி செய்பவர்கள், கார் ஓட்டுபவர்களுக்கு 1 ஜனவரி 2025 முதல் இணையத்தள ஊழியர் சட்டம் நடப்பில் இருக்கிறது. விபத்து இழப்பீடு ஊழியர்களுக்கு உள்ளதைப் போலவே கிடைக்கிறது. 1995க்கு முன் பிறந்தவர்கள் உயர்ந்த சேம நிதிப் பங்களிப்பில் சேர்வது அவர்கள் விருப்பம். சேர்ந்தால் மாறிவர முடியாது. நாற்பதைத் தாண்டி வீட்டுக் கடன் உள்ளவர் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்று சொல்லாமல் யோசிக்க வேண்டிய இடம் இது. தனியார் வாடகை கார் என்றால் வேறு கதை. காய்ச்சலில் படுத்தாலும் கார் வாடகை ஓடும். ஒரு வருடம் கழித்து ரெஸ்யூமேயில் எழுத அதிகம் இருக்காது.

டியூஷனை நான் தனியாக வைப்பேன். தமிழ் சொல்லித்தரத் தெரிந்தவருக்கு இங்கே தேவை இருந்துகொண்டே இருக்கிறது. வீவக வீட்டில் (அரசு கட்டிய அடுக்குமாடி வீடு) ஒரே நேரத்தில் மூன்று மாணவர் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளைகள் வருவது உங்கள் பிள்ளை வீட்டுக்கு வரும் அதே நேரத்தில். நவம்பர், டிசம்பரில் வருமானம் வற்றிவிடும். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் (சேம நிதியில் மருத்துவச் செலவுக்கான கணக்கு) பங்களிப்பைக் கட்ட வேண்டும், இதை மறந்து பிறகு மொத்தமாகக் கட்டியவர்களைத் தெரியும். துணை வருமானமும் சுயதொழில் செய்பவருக்கு 10 விழுக்காடுதான் ரொக்கம், மீதி மெடிசேவுக்கு.

## மூவருக்கும் நான் எழுதியது

ஈசூன்காரருக்கு: உங்கள் நாற்காலி சென்னைக்குப் போய்விட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்டத்தில் ஆள் எடுக்கும் நிறுவனங்களை மட்டும் தேடுங்கள். நான்காவது சான்றிதழ் வேண்டாம். சேமிப்பு ஐந்து மாதம்தான் என்கிறீர்கள், மூன்றாவது மாதத்துக்குள் ஒன்றும் அமையாவிட்டால் பாதுகாவல் உரிமம் எடுத்துவிடுங்கள்.

பொங்கோல் சகோதரிக்கு: பாலர் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்ற உங்கள் ஆசைக்குப் படிப்பு அவசியம். ஆனால் முதலில் வீட்டுப் பக்கத்து பராமரிப்பு நிலையம் ஒன்றில் உதவியாளராக வாரம் 14 மணி நேரம் கேட்டுப் பாருங்கள். பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுவதைப் பார்த்த பிறகும் அந்த வேலை வேண்டும் என்றால் கட்டணம் கட்டலாம். இன்னொன்று, நீக்குப்போக்கான வேலை நேரத்துக்கு முறையாக விண்ணப்பிக்கும் வழிகாட்டி டிசம்பர் 2024 முதல் இருந்தாலும், தகுதிகாண் காலம் முடித்தவர்களுக்குத்தான். நேர்காணலிலேயே நேரத்தைப் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கட்டுமானக்காரருக்குத்தான் பதில் எழுத நாளானது. பன்னிரண்டு மணி நேரம் நிற்பது அவர் முதுகுக்கு ஆகாது, கார் ஓட்டுவதும் ஆகாது. தளத்தில் இருபது வருடம் பார்த்த கண் வீணாகக் கூடாது என்பதால் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் பயிற்சியைச் சொன்னேன், கூடவே கரியர் டிரயலையும். நேற்று போன் செய்தார். பழைய முதலாளி ஒருவர் வாரம் மூன்று நாள் தளத்துக்கு வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறாராம். லிஃப்ட் இருக்கும் தளமா என்று கேட்டுவிட்டுப் போங்கள் என்றேன்.